பச்சை முகத்துக்கு நான் வைத்த சிரிப்பு

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒரு பெரிய ஓவியரின் படத்தையே திருத்தியவன். வெளியே பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள், முழுக் கதையையும் படித்துவிடுங்கள்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில், படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துவது என் வேலை. பத்தாம் வகுப்பு படித்தவனை நம்பித் தெய்வங்களையே ஒப்படைத்திருந்தார்கள். லட்சுமியோ முருகனோ, கன்னத்தில் ரோஸ் ஏற்றி, உதட்டில் சிரிப்பு வைத்துத்தான் அனுப்புவேன். வருஷம் முழுக்கச் சுவரில் இருக்கப்போகிற முகம் உம்மென்று இருக்கலாமா?

ஒரு சீசனில் சென்னை ஓவியர் ஒருவரின் படம் காலண்டர் ஆர்டராக வந்தது. நாற்காலியில் ஒரு பெண். முகம் பச்சை, வாயே இல்லை. ஒரு தோள் காதை முட்டியது. கை தரைவரை தொங்கியது. பாவம், பெரிய மனிதர், அவசரத்தில் வரைந்திருப்பார் என்று இரக்கப்பட்டேன். ரோஸ் ஏற்றி, வாய் வைத்து, தோளை இறக்கி, கையை அளவாக வெட்டி, சரிபார்க்க ஓவியருக்கே மாதிரி அச்சு அனுப்பினேன். கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி லட்சணமாக இருந்தாள்.

நான்காம் நாள் ஓவியரே நேரில் வந்துவிட்டார். பாராட்டத்தான் என்று நினைத்து, தலையைச் சீவிக்கொண்டு போனேன். முதலாளியின் முகம்தான் இப்போது பச்சையாக இருந்தது.

"ஏலே, இந்த ஆர்டர் போச்சுன்னா நீ நாளைக்கு வர வேண்டாம்."

ஓவியர் கத்தவில்லை. "ஏன் சிரிப்பு வச்சீங்க?"

"அந்தப் பொம்பள அழுதுக்கிட்டு இருந்தா ஐயா. அழுமூஞ்சிய யாரு வீட்டுல மாட்டுவாக?"

"ஒரு சொட்டுக் கண்ணீர்கூட நான் வரையலையே. அழுறான்னு எப்படித் தெரியும்?"

அம்புட்டுப் படித்தவருக்கு நான் விளக்க வேண்டியதாயிற்று. "தோளப் பாத்தா தெரியாதாய்யா? அழுகைய அடக்குறவக அப்படித்தான் தோளத் தூக்கி இறுக்குவாக. கை பாருங்க, பிடிச்சுக்க ஆளில்லாம எம்புட்டு நீளத்துக்குத் தொங்குது."

அவர் முதலாளியிடம் திரும்பினார். "கண்காட்சிக்கு வந்த அறிவாளிங்க இவளை மரம்னாங்க, நகரம்னாங்க. அழுறான்னு யாருமே சொல்லலை. இவரே வேலையை முடிக்கட்டும். சிரிப்பை எடுத்துட்டு, மத்ததையும் பழையபடி ஆக்கட்டும்."

எடுத்தேன். முகம் மறுபடி பச்சையானது. தோளும் கையும் பழைய இடத்துக்குப் போயின. என் வேலையும் தப்பியது.

ஒரு காலண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் அம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள். "யாரு இவளப் பேச விடாமப் பண்ணுனது?" என்று என்னைப் பார்த்தாள். நான் அவசரமாகத் தேதி பார்த்தேன்.

வருஷம் முடிந்ததும் அந்தப் படத்துப் பெண்ணைக் கிழித்து உங்கள் கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டேன். கணக்குக்கு அந்த அழுமூஞ்சி பொருத்தமாகத்தான் இருந்தது.