அந்தோணியின் முன்பல்

டிரம்பெட் ஊதுகிறவனுக்கு முன்பல் நிற்கும் வரைக்கும்தான் விசா. வளைகுடா விசாவுக்காக மெடிக்கல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்து நாலில் அமீரகத்தில் ஒரு ராணுவ பேண்டில் இருந்தேன். பேண்டு தொடங்கிய காலத்தில் உள்ளூரில் ஊதத் தெரிந்தவர்கள் குறைவு. இந்திய, பாகிஸ்தான் ராணுவங்களில் ஊதி ஓய்வு பெற்றவர்களைக் கூட்டி வந்தார்களாம். நானும் குளச்சல் அந்தோணியும் அந்த வழியில் போனவர்கள்.

ஆப்பிள்

மெஸ்ஸில் தரும் ஆப்பிளை அந்தோணி என் தட்டில் வைக்க ஆரம்பித்தான். அவனுக்குச் சர்க்கரை வியாதியால் ஈறு கெட்டு மேல் முன்பல் இரண்டும் ஆடின. டிரம்பெட்டை உதட்டில் அழுத்தும்போது தாங்குவது அந்தப் பற்கள்தான். எடுத்தே ஆக வேண்டும் என்றார் ஷார்ஜா பல் டாக்டர். அவன் மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். "அவ படிச்சு முடிக்கது வரைக்கும் இந்தப் பல்லு நிக்கணும் மக்கா" என்றான்.

விமான நிலையம்

வெளிநாட்டுத் தலைவர்கள் வந்து இறங்கினால் அவர்கள் நாட்டு கீதம் வாசிப்பது எங்கள் டூட்டி. வெயிலில் இரண்டு மணி நேரம் காய்வதும் அதில் சேர்த்தி. எங்கள் இருவருக்கும் ஒரே பாகம். பல்லைக் காப்பாற்ற அந்தோணி ஊதாமல் விரலை மட்டும் ஒழுங்காக அழுத்துவான். அவனுக்கும் சேர்த்து நான் ஊதுவேன். பின்வரிசை டிரம்காரர் ஒருநாள் மெச்சினார்: "உங்க ரெண்டு பேர் சத்தமும் ஒண்ணாவே கேக்குது பாய்."

உள்ளங்கை

அணிவகுப்பு ஒத்திகை. பேண்ட் மாஸ்டர் பாகிஸ்தானி, அதிர்ந்து பேசாதவர். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அந்தோணியின் டிரம்பெட்டுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தார். காற்றே வரவில்லை.

ஆபீசில் போய் மாஸ்டரிடம் கெஞ்சினேன். அவன் ஜால்ராவாவது தட்டட்டும் என்றேன். எட்டு மாதமாக நான்தான் ஊதுகிறேன், பேண்டுக்கு ஒரு குறையும் வரவில்லையே என்று வாதாடினேன். அங்கேதான் கெடுத்தேன். அவர் வருத்தத்தோடுதான் உருதுவில் கேட்டார்: "ஒருத்தன் ஊதினதே போதும்னா, நான் எதுக்கு ரெண்டு பேரை வச்சுக்கணும்?"

போன்

அந்த மாதமே அந்தோணி ஊருக்குப் போனான். மகள் படிப்பை விட்டுவிட்டு நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். அதைக் கேள்விப்பட்ட பிறகு அவனைக் கூப்பிடவே எனக்குத் தைரியம் வரவில்லை. அவனே கூப்பிட்டான். பல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். "பல்லு கட்டியாச்சு மக்கா. மீன் திங்கலாம், சிரிக்கலாம். ஊதத்தான் வரல்ல."

அதற்குப் பிறகும் ஆறு வருடம் அதே வரிசையில் நின்றேன். என் பங்குக்கு மேல் ஒரு மூச்சுகூட ஊதியதில்லை.