வேலாமணியின் அறுபது பக்கங்கள்

பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினால் வேலாமணி உடனே பிரித்துவிட மாட்டார். நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, பாக்கெட்டைத் திருப்பி, எந்த மாதம் வரைக்கும் என்று தேடுவார். தேதி சரியாக இருந்தால்தான் வாய்க்குப் போகும். மாத்திரை அட்டை, கல்யாண வீட்டுத் தண்ணீர் பாட்டில், ஊறுகாய்ப் புட்டி என எதுவும் அவர் கையிலிருந்து தப்பாது. ஒருமுறை உறவுக்காரர் வீட்டு வளைகாப்பில் குளிர்பானம் கொடுத்தார்கள். புரட்டிப் பார்த்தவர், “இது போன மாசத்தோட முடிஞ்சுதுங்க” என்று சொல்லி, குடித்துக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்தெல்லாம் பாட்டிலைத் திரும்ப வாங்கி வரிசையாக வைத்துவிட்டார். வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் பேசவில்லை. மிஞ்சிய பாட்டில்களைக் குடித்துப் பார்த்த பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு பேசினார்கள்.

நீலகிரியில் எமரால்டு ஊரின் கடைவீதியில் பேருந்து திரும்பும் இடத்துக்கு எதிரே அவருடைய விதை, உரக் கடை. ஐம்பத்திரண்டு வயதாகிறது. அன்னூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையேறியவர். சேலைக்கு மேல் பழுப்பு ஸ்வெட்டர், அதன் பையில் ஒரு பேனா, ஒரு கத்தரிக்கோல். நாற்காலி இருந்தும் உட்கார மாட்டார். வேப்பம் பிண்ணாக்கு மூட்டைதான் அவருக்கு ஆசனம். “நாக்காலி சில்லுங்குது, மூட்டைன்னா கதகதன்னு இருக்குமுங்க” என்பார். கேரட், உருளை, பூண்டு போடும் விவசாயிகள் பெரும்பாலும் படுகர்கள். அவர்களிடம் பாதி படுக மொழி, பாதி கொங்குத் தமிழ். இரண்டும் போதாத இடத்தில் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர்களையும் திரும்பிப் பார்க்க வைக்கும்.

விதை விற்பதில் மட்டும் சிரிப்புக் கிடையாது. பாக்கெட்டில் தேதி முடியக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்றால், வாங்க வந்தவரிடம் எப்போது போடப்போகிறீர்கள் என்று கேட்பார். “இன்னிக்கே போடறதுன்னா எடுத்துட்டுப் போங்க. மழை பார்த்துட்டுத்தான்னா வேண்டாமுங்க. ஊட்டுலயே கெடந்து செத்துப்போன விதை மொளைக்காது. அப்புறம் என்னையத்தான் வைவீங்க.”

ஊரார் பொருளுக்கெல்லாம் தேதி பார்க்கிற வேலாமணி தன்னுடைய பொருள் ஒன்றுக்குப் பார்க்கத் தவறியது இந்த வருடம் பொங்கல் கழிந்துதான் தெரிந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கடையின் லைசென்ஸ் வேலாமணி பெயரில். கணவர் சுப்பண்ணன் பிக்கப் வண்டியில் மூட்டைகளை ஏற்றி ஊர் ஊராக இறக்குகிறவர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். நிறைய விற்றுக் காட்டும் கடைக்காரர்களை விதைக் கம்பெனி வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவதுண்டு. பத்து வருடத்துக்கு முன் முதல் அழைப்பு வந்தபோது கம்பெனி ஜோடிக்கு இடம் கொடுத்தது. இருவரும் ஆசை ஆசையாகப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். புறப்படுகிற வாரம் பார்த்து மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வேலாமணி நின்றுவிட்டார். அவருடைய இடத்தில், ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருந்த சுப்பண்ணனின் தம்பி கந்தன் போனார்.

பாங்காக் போகும் விமானத்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை சுப்பண்ணன் வாந்தி எடுத்தார். திரும்பி வந்தவர், “இனி என்னைய மண்ணுல விட்ருங்க” என்று கைகூப்பிவிட்டார். கந்தனுக்கு அந்தப் பயணம் பிடித்துப்போயிற்று. அடுத்தது துபாய், அதற்கடுத்து சிங்கப்பூர். விற்பது அண்ணி, பறப்பது கொழுந்தன் என்பது வழக்கமாகிவிட்டது. கந்தன் கெட்டவர் அல்ல. போகிற ஊரிலெல்லாம் அண்ணிக்கு ஒரு காந்தப் பொம்மை வாங்கி வருவார். யானை, கோபுரம், சிங்கம் எல்லாம் கடையின் இரும்பு பீரோவில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பீரோவுக்குள்ளே வேலாமணியின் பாஸ்போர்ட். மலையின் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடக் கூடாதென்று வெயில் அடிக்கிற நாளில் எடுத்து மூட்டைமேல் காயவைப்பார். ஒரு முத்திரைகூட விழாமல் அது கல்யாணத்துக்கு எடுத்துக் கட்டாத பட்டுச்சேலை மாதிரி புதுசாகவே இருந்தது.

இந்த வருட அழைப்பு வியட்நாம். ஒரு கடைக்கு ஓர் இடம். கம்பெனிக்காக மலையெங்கும் சுற்றும் விற்பனை அலுவலர் ஜாபேஸ், செய்தியைச் சொல்லிவிட்டுத் தன் போனில் ஒரு படம் காட்டினார். டலாட் என்ற மலையூர். படிப்படியாக இறங்கும் முட்டைக்கோசுத் தோட்டம், மேலே ஊசியிலை மரம், நடுவில் மேகம். வேலாமணி கண்ணாடியை இறக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஏனுங்க, இது நம்ம முத்தொரை மாதிரியே இருக்குதுங்களே. அங்க என்ன வெதை போடறாங்க?”

ஜாபேஸுக்குத் தெரியவில்லை. “அப்ப நான்தான் போயிப் பார்க்கோணும்” என்றார் வேலாமணி. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். சுப்பண்ணன் மட்டும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஊட்டிக்குப் போய் ஒரு சக்கரம் வைத்த பெட்டி வாங்கி வந்தார்.

பொங்கல் முடிந்து பாஸ்போர்ட் நகல் வாங்க வந்த ஜாபேஸ், கடைசித் தேதியைப் பார்த்ததும் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். ஜூன் மாதத்தோடு முடிகிறது. பயணமோ பிப்ரவரிக் கடைசியில். நடுவில் நாலு மாதம் இருக்கிறதே என்றார் சுப்பண்ணன். அது போதாது என்று ஜாபேஸ் விளக்கினார். வியட்நாமில் இறங்கும்போது பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம் உயிர் இருக்க வேண்டும். பல நாடுகளில் இதே விதிதான். இல்லாவிட்டால் விசா கிடைக்காது. விமான நிலையத்திலேயே ஓரமாக நிற்க வைத்துவிடுவார்கள். விசாவுக்குப் போட மாதக் கடைசிக்குள் புது எண் வராவிட்டால் கம்பெனி அந்த இடத்தை வேறு பெயருக்கு மாற்றிவிடும்.

வேலாமணி சண்டைக்குக் கிளம்புவார் என்று கடையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவர் பாஸ்போர்ட்டை வாங்கி, தேதியை விரலால் தடவிப் பார்த்தார். முகம் காதுவரை சிவந்திருந்தது.

“அவிய சொல்றது சரிதானுங்க. போன எடத்துல காலு ஒடஞ்சு படுத்துக்கிட்டா, திரும்பி வர்றதுக்கு முன்னாடி இது செத்துப்போயிருமில்ல. நானே இப்பிடித்தானே வெதை விக்கறேன்.” பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: “ஊரு தேதியெல்லாம் பார்த்தேன், எம்பட தேதியப் பார்க்கலை.”

விஷயம் கேள்விப்பட்டுச் சாயங்காலம் கந்தன் வந்தார். ஆறுதலாகத்தான் பேசினார். அண்ணி அலைய வேண்டாம், நடுவில் புதுப்பித்துக்கொண்ட தன் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது, வழக்கம்போல தானே போய்விட்டு வந்துவிடுகிறார், டலாட்டைப் பூராவும் வீடியோ எடுத்து அனுப்புகிறார். நியாயமான யோசனை. சுப்பண்ணன்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். வேலாமணி கத்தரிக்கோலால் ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து, நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டுதான் பதில் சொன்னார்.

“தம்பி, நீ கொண்டாந்த பொம்மையெல்லாம் நான் பார்த்தாச்சு. இந்த வாட்டி நான் போயி உனக்கொரு பொம்மை வாங்கியாறேன்.”

கந்தன் பீரோவில் ஒட்டியிருந்த பொம்மைகளைப் பார்த்தார். பிறகு, “அப்ப சன்னல் சீட்டுக் கேளுங்க அண்ணி” என்றார்.

மறுநாள் காலை கணவனும் மனைவியும் கடைவீதியிலேயே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ராஜப்ரியாவின் முன்னால் உட்கார்ந்தார்கள். தேதி முடிவதற்கு ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பித்துக்கொள்ளலாமே என்று அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். சாதாரண வழியில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான். ஆனால் போலீஸ் விசாரணைக்கென்று காத்திருக்க நேர்ந்தால் நாள் ஓடிவிடும். தட்கல் என்றால் மேலே இரண்டாயிரம். புத்தகம் முதலில் வரும், விசாரணை பிறகு. தட்கல் என்று முடிவாயிற்று. முப்பத்தாறு பக்கப் புத்தகமா, ஐந்நூறு சேர்த்துக் கொடுத்து அறுபது பக்கப் புத்தகமா என்று கேட்டாள்.

“அறுபது” என்றார் வேலாமணி.

சுப்பண்ணன் தயங்கித் தயங்கி, “இருந்த புஸ்தகத்துல ஒரு பக்கமே ரொம்பலை” என்றார்.

“அது போன பத்து வருசமுங்க. இது வர்ற பத்து வருசம்.”

கோவைப் பாஸ்போர்ட் மையத்துக்கு விடியற்காலைப் பஸ்ஸில் கிளம்பிப் போனார்கள். மேட்டுப்பாளையம் தாண்டியும் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றவில்லை. அவ்வளவு பதற்றம். வியர்வை வழிய வரிசையில் நின்ற அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் கைக்குட்டை கொடுத்தாள். விரல் ரேகை எடுக்கும் இயந்திரம் அவர் விரலை ஏற்றுக்கொள்ள மறுத்தது. வருடக்கணக்கில் சாக்கும் உரமும் தேய்த்த விரல். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்த பிறகு வழிக்கு வந்தது. புகைப்படத்துக்குச் சிரிக்கக் கூடாது என்றார்கள். அங்கேதான் சிக்கல். வாயை மூடினால் கன்னம் சிரித்தது, கன்னத்தை இறுக்கினால் கண் சிரித்தது. படம் எடுத்த பையனுக்கே சிரிப்பு வந்து திரும்பிக்கொண்டான். “மொகமே அப்பிடித்தானுங்க தம்பி, நான் என்ன பண்ணட்டும்” என்றார். கடைசியில் கோபக்கார மாமியாரை நினைத்துக்கொண்டு ஒரு படம் தேறியது. என்ன அவசரம் என்று கேட்ட அதிகாரியிடம், “வியட்நாமுக்குக் கோசு பார்க்கப் போறனுங்க” என்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு அனுப்பி வைத்தார். பழைய புத்தகத்தின் மூலையை வெட்டி, செல்லாது என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். பத்து வருடத்தில் அதில் விழுந்த முதல் முத்திரை. பஸ்ஸில் குன்னூர் வரும்வரை அது வேலாமணியின் மடியிலேயே இருந்தது.

பிறகு காத்திருப்பு. மாதம் முடியப் போகிறது. தினமும் தபால்காரர் கடையைத் தாண்டும்போது மூட்டையிலிருந்து எழுந்து நிற்பார். அவரோ ஒன்றும் வரவில்லை என்று கையை விரித்துக் காட்டுவார். பாஸ்போர்ட் வந்தது, வேலாமணி கடையில் இல்லாத நாளில். பக்கத்து ஊரான இத்தலாரில் ஒருவருடைய கேரட் அழுகுகிறது என்று பார்க்கப் போயிருந்தார். போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றார் தபால்காரர். திருப்பி எடுத்துப் போனால் அடுத்து சனி, ஞாயிறு. ஜாபேஸ் சொன்ன கெடுவோ அன்றோடு சரி.

கடைவீதி பார்த்துக்கொண்டது. டீக்கடைக்காரர் தபால்காரரை உட்கார வைத்து மிளகாய் பஜ்ஜி போட்டார். காய்கறி மண்டிக்காரர் தன் முழங்கால் வலியின் முழு வரலாற்றையும் அவரிடம் சொல்லத் தொடங்கினார். ராஜப்ரியா தபால்காரருடைய மகளின் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுத் தருவதாக அழைத்துப் போய், மறுபடி டீக்கடையிலேயே கொண்டுவந்து விட்டாள். இதற்கிடையில் யாரும் சொல்லாமலே தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தவர் கந்தன். தபால்காரர் இரண்டாவது தட்டு பஜ்ஜியை முடிக்கும் நேரத்தில் ஜீப் வந்து நின்றது. முழங்கால் வரை சேறோடு வேலாமணி குதித்து இறங்கினார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். உறையைப் பிரித்தார், முதல் பக்கத்தைப் பார்த்தார், படத்தில் இருக்கும் கோபக்காரியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் டீக்கடை நாய் எழுந்து ஓடியது. கந்தன் ஜீப்பில் சாய்ந்தபடியே ஜாபேஸுக்குப் புது எண்ணைப் படித்துச் சொன்னார், ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை.

விசா வந்தது. கொச்சியில் விமானம் ஏறிய கடைக்காரர்கள் கூட்டத்தில் வேலாமணி ஒருவர்தான் பெண். சன்னல் சீட்டுக் கேட்டு வாங்கினார். மேகத்துக்கு மேலே போனதும் மற்றவர்கள் தூங்கினார்கள். இவர் சன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். ஹோ சி மின் நகரத்தில் எல்லாரும் கடைகளுக்குள் நுழைந்தார்கள். இவர் வழிகாட்டியிடம் டலாட் எப்போது, டலாட் எப்போது என்று கேட்டபடி இருந்தார்.

டலாட்டுக்குப் பஸ் வளைந்து வளைந்து ஏறியபோது குளிர் காற்று வந்தது. வேலாமணி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு சுப்பண்ணனை வீடியோவில் கூப்பிட்டார். “பாருங்க, இங்கயும் வளைவுதான். ஆனா இதுக்கு ஏரோப்ளேன்ல வரோணும், நல்லவேளை நீங்க வரலை” என்றார். பூந்தோட்டம் ஒன்றின் முன்னால் பஸ் நின்றது. கூட்டம் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் படம் எடுத்துக்கொள்ளப் போயிற்று. வேலாமணி சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கேரட் வயல். கூம்புத் தொப்பி போட்ட ஒரு பெண் தனியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, செருப்பை வரப்பில் விட்டுவிட்டு இறங்கினார்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. சேலையையும் ஸ்வெட்டரையும் பார்த்தாள். வேலாமணி கேரட்டைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார். அவள் ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறிக் கொடுத்தாள். வேலாமணி அதைத் துடைத்துக் கடித்து, கண்ணை மூடி மென்றார். பிறகு உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். சுமார்தான், எங்கள் ஊருடையது இதைவிட இனிப்பு.

அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாலின் அந்தக் கோடிக்கு நடந்து போய், தழையைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, தேடி எடுத்த ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினாள். வேலாமணி கடித்தார். இந்த முறை கை ஆடவில்லை, தலை ஆடியது. இடுப்பில் செருகியிருந்த சேலைத் தலைப்பை உருவி, இன்னும் போடச் சொல்லி அவள் முன்னால் இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார்.