செல்வமணி சாரின் காமிரா மூடி

செல்வமணி சார் தஞ்சாவூரில் காலமானார் என்ற செய்தி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் முன்பு வந்த மரணச் செய்திகளில் ஒன்று, என் கணக்கு வாத்தியாருடையது, நான் அனுப்பியது. வாத்தியார் இன்னும் கணக்குப் போடுகிறார். சார் விஷயம் மெய்யாகிவிட்டது.

திருவிடைமருதூர்ப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் கரைக்கு, படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தார். பழைய பிலிம் காமிரா. சீட்டாடுகிறவர்கள், படகு நிழலில் தூங்குகிறவர்கள், தாயம் ஆடும் பெண்கள், இவர்களைத்தான் எடுப்பார். அதுவும் ஒரு நாளைக்கு ஒரே படம்; வந்த நாள் முதல் எல்லாம் ஒரே பிலிம் சுருளில். மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

சும்மா இருக்கிறவரை யார் நம்புவார்? கரை காலியாகக் கிடக்கிறது என்று ஓட்டல் கட்டுகிறவர்களுக்குக் காட்ட வந்தவர் என்று பேச்சு. "படம் எடுக்கிற ஆளா, படம் காட்டுற ஆளா?" என்று கிளப்பிவிட்டவன் நான்.

ஏன் சும்மா இருக்கிறவர்களையே எடுக்கிறார் என்று சித்தப்பா நேரிலேயே கேட்டார். "வேலை செய்யறப்ப எல்லாரும் எடுக்கறாங்க. ஓய்வா இருக்கறப்பதாங்க உங்க முகம் உங்க முகமா இருக்கு" என்றார் சார்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. படத்தைக் கொண்டாங்க, பார்ப்போம்."

தடைக்காலம் முடிந்ததும் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார்.

அதற்கு முந்தின வாரம், அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், காமிராவின் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே பிலிமே கிடையாது என்பது என் சந்தேகம். இருந்தது. போனில் தெரிவதுபோல் படம் தெரியும் என்று வெயிலில் இழுத்தும் பார்த்தேன். வெளிச்சம் பட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

படங்களைப் பார்க்கக் கூடிய ஊர்க்கூட்டத்துக்கு வெறுங்கையோடு வந்தார். "என் தப்புங்க. பிலிம் வீணாப் போச்சு" என்றார். இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் முன்வரிசையில்தான் இருந்தேன். வாய் மட்டும் கடைசி வரிசையில்.

பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அடுத்த தடவை திறந்தா அழுத்தி மூடு. இல்லன்னா தெரிஞ்சிடும்."

ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? பதிலுக்கு ஏதாவது கேட்பார் என்று ஒரு வருடம் சந்தேகத்தோடு காத்திருந்தேன். கேட்கவேயில்லை.

சித்தப்பா, ஊர்ப் பெரியவர்களே, மூடியைத் திறந்தது நான். சார் யாருடைய ஆளும் இல்லை. எழுதிய இதை அடுத்த ஊர்க்கூட்டத்தில் நானே படிப்பேன். இதையும் என் குறும்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்று கூட்டம் முடிந்ததும் செருப்பைக் கையில் பிடித்து, காமிராப் பையை மார்போடு அணைத்து மணலில் நடந்தவர், திரும்பி "வர்றேங்க" என்றார். "வாங்க" என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வாங்க, சார்.