சினை ஊசிக்காரர் கேட்ட பெரிய பிஸ்டன்

முப்பத்தோரு வருஷம் டூவீலர் மெக்கானிக்காக இருந்ததில், ஒரு வண்டியின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்துக் கூலி வாங்கியது ஒரே ஒரு முறைதான். கடை திருத்துறைப்பூண்டியில். புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஆரோக்கியசாமி சார் சுற்றுப்பட்டு கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். நூறு சிசி வண்டி, பின் கேரியரில் கயிற்றால் கட்டிய, உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் கேன். காளையின் விந்துக் குச்சிகள் அந்தக் குளிரில்தான் உயிரோடு இருக்கும். நைட்ரஜன் வற்றினால் குச்சி வீண், ஊசியும் வீண். அறுவடை சமயத்தில் ஒருநாள் காலை கடைக்கு வந்தார்.

"அண்ணே, வண்டி பத்தல. இன்ஜின போர் பண்ணி, ஓட்டையப் பெருசாக்கி பெரிய பிஸ்டன் போடுங்க. கிளட்ச் செட்டு மாத்துங்க. முன் ஸ்ப்ராக்கெட்டும் பெருசா போட்டா பறக்கும்னு சொல்றாங்க."

"எதுக்கு சார் பறக்கணும்?"

"பத்து நாள் வர்ற நைட்ரஜன் அஞ்சே நாள்ல காலியாவுது. ரோட்டுலயே ஆவியாப் போயிருது. சீக்கிரம் போய்ச் சேந்தா மிச்சமாவும்ல?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கரும்பு தின்னக் கூலியா? "பண்ணிரலாம் சார்" என்று எஸ்டிமேட் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அவருக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். பதினாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து வசந்தா என்ற அம்மா. ஒரே மாடு, அந்தப் பாலில்தான் வீடு நடக்கிறது. இரண்டு முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை.

"டாக்டரே, மாடு பருவத்துக்கு வந்து நேத்து சாயங்காலத்துலேருந்து கத்துது. இந்தத் தடவையும் நிக்கலன்னா தரகர்கிட்ட புடிச்சுக் குடுத்துருவேன். சும்மா நிறுத்தி வச்சு தீனி போட என்னால ஆவாது."

சரி, ட்ரையல் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஒரு கையைப் பின்னால் விட்டுக் கேனைப் பிடித்துக்கொண்டேன். சார் முறுக்கினார். முதல் ஸ்பீடு பிரேக்கரில் வண்டி தூக்கிப்போட, மூடியிலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை வந்து என் மணிக்கட்டில் ஜில்லென்று அடித்தது. அடுத்த பள்ளத்திலும் அதே. மதகு ஏறி இறங்கியபோது இரண்டு முறை.

அதற்கப்புறம் ஒரு ஊரில் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். "நெல்லு மேல ஏத்திறாதீங்க!" என்று ஒரு அம்மா கத்தினார். சார் அலுத்துக்கொண்டே ஓரமாக, நடக்கிற வேகத்தில் ஓட்டினார். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். புகையே வரவில்லை. நெல் முடிந்து அவர் முறுக்கியதும் மறுபடி புஸ்.

வசந்தா அம்மாவின் கொட்டகை வாசலில் இறங்கியதும் விஷயத்தைச் சொன்னேன். "சார், மெதுவா வந்தப்ப பொகை வரல. வேகமா வந்து குலுங்குறதுலதான் போவுது."

"நீங்க மெக்கானிக்கா, மாட்டு டாக்டரா?" என்றார், சுள்ளென்று.

சொல்லிவிட்டுக் கேனைத் திறந்து அளவுக் குச்சியை விட்டு எடுத்தார். குச்சியில் பனி படிகிற உயரம்தான் நைட்ரஜனின் அளவு; நுனியில் மட்டும் கொஞ்சம் வெண்பனி. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அம்மா, இன்னிக்கி போடல. இந்தக் குச்சி மேல எனக்கு நம்பிக்கையில்ல. போன ரெண்டு தடவையும் தப்பு ஒங்க மாட்டு மேல இருக்காது, என் மேலதான். அடுத்த பருவம் வரைக்கும் இருபத்தோரு நாள் பொறுங்க."

"அதுவரைக்கும் தீனி யாரு போடுவா?"

"வைக்கோல் நான் அனுப்புறேன்."

"அப்ப அதான் கடைசி. அதுக்கு மேல தரகர் வந்துருவாரு" என்றார் அந்த அம்மா.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே தன் தப்பைச் சொல்கிறார். நான் ஒரு மணி நேரம் முன்னால், என்ன ஏது என்று பார்க்காமல் பெரிய பிஸ்டன் எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைக்கு வந்து எஸ்டிமேட்டைக் கிழித்தேன். இன்ஜினுக்கு ஆயில் மட்டும் மாற்றினேன். பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் ஆயில் ஒழுகிச் செத்திருந்தன, புதுசு போட்டேன். செயின் தளர்ந்து ஒவ்வொரு கியருக்கும் வெட்டியது, அதையும் மாற்றினேன். செயினை இழுக்கிற பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்குவதற்குப் பதில் ஒரு பல் குறைத்தேன். அப்போதுதான் மெதுவாகப் போனாலும் திணறாமல் இழுக்கும். கேரியரில் கேன் உட்கார ஒரு வளையம் வெல்டு வைத்து, உள்ளே பழைய டியூபைச் சுற்றினேன்.

சார் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். "என்னண்ணே, கட்ட வண்டி மாதிரி போவுது?"

"அப்புடித்தான் சார் போவணும்."

நைட்ரஜன் ஒன்பது நாள் வந்தது. சொன்ன நாளில் சார் வசந்தா அம்மாவின் மாட்டுக்குப் போய் ஊசி போட்டுவிட்டும் வந்தார். அதற்கப்புறம் மூன்று மாதம் நான் பட்ட பாடு இருக்கிறதே, என் பெண்ணின் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. கடைசியில் சார் மாட்டின் உள்ளே கையை விட்டுச் சினை பார்த்துவிட்டு போன் பண்ணினார். "நின்னுருச்சுண்ணே."

புதிதாகக் கடை போடுகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். கஸ்டமர் கேட்கிற ஐட்டத்தை எழுதிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் விலை போடுவதற்கு முன், அவர் ஏற்றுகிற சுமையோடு, அவர் போகிற ரோட்டில் ஒரு முறை போய் வாருங்கள். பைபாஸில் ட்ரையல் பார்த்தால் எல்லா வண்டிக்கும் பெரிய பிஸ்டன் வேண்டும் என்றுதான் தோன்றும்.

மாடு கன்று போட்ட மூன்றாம் நாள், வசந்தா அம்மா பஸ் ஏறி, விசாரித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். கிடாரிக் கன்று என்றார். கையில் ஒரு டப்பா நிறைய சீம்பால், வெல்லம் போட்டு அவித்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே சீம்பால் வாடை ஆகாது. அந்த அம்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, டப்பாவை வழித்துச் சாப்பிட்டேன்.