யாரு என்றால் ராசம்மா

சிங்காரத்துக்குத் தொண்டையை மட்டும் கடவுள் இரண்டு ஆளுக்கு வேண்டியதாகக் கொடுத்துவிட்டார். புத்தி அரை ஆளுக்குத்தான். இதை அவர் பெண்சாதி அமராவதி சொல்லுவாள், ஊரும் சொல்லும். இரண்டு வருஷமாக அவரே தனக்குள் சொல்லிக்கொள்கிறார்.

கடலூர் முதுநகரைத் தாண்டி உப்பனாற்றுக்கு அக்கரையில் இருக்கிறது அவர் குப்பம். அங்கே கரைவலை இழுக்கும்போது அம்பா எடுத்துக் கொடுப்பது அவர்தான். அம்பா என்றால் வேறொன்றும் இல்லை, வலை இழுக்கிற பாட்டு. ஒருத்தர் வரியை எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருக்கிற மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் இழுப்பார்கள். அதில் ஒரு சட்டம் உண்டு. பதில் சொல்கிறவன் யோசிக்கக் கூடாது. யோசித்தால் கை தளரும், கை தளர்ந்தால் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போய்விடும். காதில் விழுந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட வேண்டும். வரி 'யாரு' என்று முடிந்தால் பதில் 'ராசம்மா'. அந்தக் கரையில் பிறந்த பச்சைப்பிள்ளைக்குக் கூட இது தெரியும்.

கடலுக்கு உப்பு போட்டது யாரு? ராசம்மா. கெளுத்திக்கு மீசை வெச்சது யாரு? ராசம்மா. இளவட்டங்களுக்கு அது ஒரு பெண்ணின் பெயர் என்பதே மறந்துபோயிற்று. ஏலேலோ மாதிரி அதுவும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஆனால் ராசம்மாள் இருக்கிறாள். குப்பத்தின் தெற்குத் தெருவில், மூன்றாவது வீட்டில் இருக்கிறாள். தினமும் கரையில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் போட்டு, பஸ் ஏறிப் புவனகிரிக்குப் போய் விற்றுவிட்டு வருகிறாள். ஊரில் அவளுக்குப் பெயர் புவனகிரியக்கா. அவள் சொந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் கேட்கிறவன் சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பை ஊருக்குக் கற்றுக் கொடுத்த புண்ணியவான் நம்ம சிங்காரம்தான்.

முப்பத்தாறு வருஷம் ஆகிறது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. குப்பத்தில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடியுமுன்னே சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டு வருவார்கள். ஒருநாள் விடியற்காலை வலை இழுக்கப் போன சிங்காரம், தோப்பிலிருந்து ராசம்மாள் தனியாக வருவதைப் பார்த்தார். அவள் கையில் சொம்பு இருந்ததையும் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

அன்றைக்கு வலை கனம். ஆட்கள் சோர்ந்துபோயிருந்தார்கள். சிரிக்க வைத்தால் இழுப்பார்கள் என்று, 'சவுக்குத் தோப்புல சத்தமில்லாம போய் வந்தது யாரு' என்று ஒரு வரியை எடுத்துவிட்டு, பதிலையும் அவரே கொடுத்தார். கரையே குலுங்கிச் சிரித்தது. வலையும் வந்தது. பாட்டில் தோப்பு இருந்தது, அவள் பெயர் இருந்தது. சொம்பு மட்டும் இல்லை. சொம்பைச் சேர்த்தால் சிரிப்பு வராதே!

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? ஒரு கரையில் பாடினது பத்துக் கரைக்குப் போயிற்று; போகப் போக எந்த 'யாரு'வுக்கும் அதே பதில் என்று ஆயிற்று. பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து அவளுக்கு வந்திருந்த நல்ல சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊர்க் கரையிலேயே அந்தப் பாட்டைக் கேட்டதும் நின்றுபோயிற்று. எட்டு வருஷம் வீட்டோடு இருந்தாள். பிறகு இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருத்தனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்தார்கள். அவன் நல்லவன்தான். குடித்தால் மட்டும் படுத்துக்கொண்டு அந்த வரியைப் பாடுவான். அவனும் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

இத்தனை வருஷமும் சிங்காரம் இதை ஒரு பாவமாக நினைக்கவில்லை. வயசுக் கோளாறு, விளையாட்டு, கடற்கரையில் பாடாத பாட்டா என்று இருந்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேத்தி பூஜா வாசலில் கயிறு தாண்டிக்கொண்டே, "யாரு? ராசம்மா. யாரு? ராசம்மா" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். தெருவில் அன்னக்கூடையோடு ராசம்மாள் போனாள். நிற்கவில்லை, திரும்பவில்லை. நடை மட்டும் வேகமாயிற்று. ஐம்பத்துமூன்று வயசுப் பொம்பளை, தலையில் பதினைந்து கிலோ மீனை வைத்துக்கொண்டு, ஒரு குழந்தையின் பாட்டுக்குப் பயந்து ஓடினாள்.

"தாத்தா, ராசம்மான்னா என்னா?" என்று பூஜா கேட்டாள்.

யார் என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என்ன என்று கேட்டாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவளை எதிரே கண்டால் சந்தில் நுழைந்துவிடுவார். அம்பாவில் 'யாரு' வருகிற வரிகளை ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை அவளிடம் சொன்னாரா என்றால், அதுதான் இல்லை. வெட்கம். செய்யும்போது வராத வெட்கம் சொல்லும்போது வந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டது.

இந்த நிலைமையில்தான் சிதம்பரத்தில் வட்டார நாட்டுப்புற இசை விழா, அம்பா பாட வேண்டும் என்று பேராசிரியர் அருள்மொழி வந்து அழைத்தார். சிங்காரத்தோடு இன்னும் எட்டுப் பேர். ஏலக் கொட்டகையில் பத்து நாள் ஒத்திகை. முதல் நாளே சிங்காரம் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார்.

"யாருன்னு முடியற வரியே நான் எடுக்க மாட்டன். எல்லாத்துக்கும் ஏலேலோதான்."

"ஏன் மாமா? அதான ஜாஸ்தி கைதட்டு வாங்கும்," என்றான் அக்காள் மகன் சுரேந்தர்.

"சொன்னா கேளுடா."

கிளம்புகிற அன்றைக்கு வேனில் ஏறினால், பின்சீட்டில் மடியில் தூக்குச்சட்டியோடு ராசம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். விழாவில் மகளிர் குழுவுக்குச் சுறாப்புட்டுக் கடை கொடுத்திருக்கிறார்களாம். அமராவதியும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். ஆனால் இந்தச் சங்கதியை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் ஜுரம் என்று படுத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். சிதம்பரம் வரும்வரை சிங்காரம் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மேடைக்கு இடது பக்கம் புட்டுக் கடை. மத்தியானம் மூன்று மணி. பெண்ணாடத்துப் பம்பைக்காரர்கள் அடித்து முடித்துவிட்டு இறங்க, இவர்கள் ஏறினார்கள். கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, எட்டுப் பேரும் பிடித்து நின்றார்கள். சிங்காரம் முதல் வரியை எடுத்ததுமே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை. இரண்டாவது பாட்டில் கைதட்டல், மூன்றாவதில் விசில். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வந்த ஊரைப் புகழ்ந்து ஒரு வரி கட்டிப் பாடினால் ஊர் மயங்கும் என்று அந்த அரை ஆள் புத்தி சொல்லிற்று. கட்டினார்.

"தில்லையில கால தூக்கி ஆடுறது யாரு?"

வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் கடைசி வார்த்தை அவர் காதில் விழுந்தது. அதற்குள் எட்டுத் தொண்டைகள் கயிற்றை இழுத்துக்கொண்டு, நாலு மைக்கில், ஊரே அதிரச் சொல்லிவிட்டன.

"ராசம்மா!"

பந்தலில் சிரிப்பு வெடித்தது. சிதம்பரத்தில் வந்து நின்று கூத்தாடுகிறவர் பெயரை மாற்றிவிட்டார்களே என்று கிண்டல், விசில். சுரேந்தர் நாக்கைக் கடித்துக்கொண்டான். சிங்காரம் இடது பக்கம் பார்த்தார். ராசம்மாள் கையில் கரண்டி அப்படியே நின்றது. புட்டு வாங்க நின்றவர் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்.

அருள்மொழி நல்ல மனசோடுதான் மைக்கை வாங்கினார். கேலி வளரக் கூடாது என்று நினைத்திருப்பார். "ஐயா, ராசம்மா என்றால் என்ன பொருள்? பாட்டில் எப்படி வந்தது?" என்று கேட்டு மைக்கைச் சிங்காரத்திடம் நீட்டினார்.

பூஜா கேட்ட அதே கேள்வி. சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய ஆள் பத்தடியில் நின்றாள். சிங்காரம் மைக்கை வாங்கி, "அது… சாமிங்க. எங்க கடல் சாமி," என்றார்.

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அருள்மொழிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கடலையே தாயாக வணங்கும் மக்கள்! ராசம்மாவுக்கு ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள்," என்றார். ஆயிரம் பேர் தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிங்காரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தத் துணி அவருக்கு முதுகில் நெருப்பாக எரிந்தது.

மேடையை விட்டு இறங்கினதும் பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனார். அமராவதி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கிற சாக்கில் நகர்ந்தாள். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சிங்காரம் ராசம்மாள் எதிரில் நின்றார்.

"நான் திரும்ப ஏறி மைக்குல சொல்லிடறன். சாமி இல்ல, நான் கட்டின பொய்யின்னு சொல்லிடறன்," என்றார்.

"எம்பேர இன்னொரு வாட்டி மைக்குல சொன்னா இந்தக் கரண்டியாலயே போடுவன்," என்றாள் ராசம்மாள். குரல் உயரவில்லை. புட்டை அள்ளித் தட்டில் வைத்துக்கொண்டேதான் பேசினாள். "அன்னிக்கு எங்கையில சொம்பு இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சி."

"பாத்தியா?"

"பாத்தன்."

"எங்கப்பாரு ஊடு ஊடாப் போயி, எம்பொண்ணு அப்படிப்பட்டவ இல்லன்னு அழுதாரு. அன்னிக்கு இந்த வாயி எங்க போச்சு? ஒரு வார்த்த, சொம்பு இருந்துச்சின்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு?"

சிங்காரம் கக்கத்துப் பொன்னாடையை இறுக்கிக்கொண்டார்.

"இங்க இருக்கறவங்களுக்கு என்னப் பத்தி என்னா தெரியும்? இவுங்ககிட்ட சொல்லிட்டு நீ வேணா நிம்மதியாப் போவ. எங்க பாடுனியோ அங்க போய்ச் சொல்லு," என்றாள். அடுத்த ஆளிடம் தட்டை நீட்டினாள்.

மறுநாள் விடிந்தது. கரையில் வலை வளைத்துப் போட்டிருந்தார்கள். சிங்காரம் கயிற்றின் முன்னால் நின்றார். பின்னால் சுரேந்தரும் மற்றவர்களும். மீனுக்குக் காத்திருக்கிற பெண்கள் அன்னக்கூடைகளை மணலில் கவிழ்த்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ராசம்மாளும் இருந்தாள். முதல் நாள் கூத்தைச் சொல்லிச் சொல்லி ஆம்பளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிங்காரம் ராத்திரி முழுக்கக் கண்ணை மூடாமல் கட்டின வரியை எடுத்தார்.

"சவுக்குத் தோப்புக்குப் போனவ கையில சொம்பு இருந்ததய்யா!"

"ஏலேலோ!"

"சொம்ப மறச்சிப் பொய்ப்பாட்டு கட்டினது யாரு?"

"ராசம்மா!" என்று கரை முழுக்க ஒரே குரலில் சொல்லிக்கொண்டு கயிற்றை இழுத்தார்கள்.

பாவத்தை ஒத்துக்கொள்ளப் போனால் அதையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார்களே. "டேய், சிங்காரம்னு சொல்லுங்கடா. என் பேரச் சொல்லுங்க," என்று சிங்காரம் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். யாருக்கும் விளங்கவில்லை. மாமாவுக்கு நேற்றைய மப்பு இன்னும் இறங்கவில்லை என்று எவனோ முணுமுணுத்தான். அவர் மறுபடியும் எடுத்தார்.

"ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டுச் சிரிச்சது யாரு?"

பாதிப்பேர் "ராசம்மா" என்றார்கள். பாதி வாயிலேயே சில பேருக்குச் சத்தம் அடங்கிப்போயிற்று. யோசித்துவிட்டார்கள். கை தளர்ந்தது. கயிறு பின்னுக்கு நழுவ, சுரேந்தர் குதிகாலை மணலில் ஊன்றி இழுத்துப் பிடித்தான். சிரிப்பு நின்றுவிட்டது. சிங்காரத்துக்குக் குரல் உடைந்துவிட்டது. அவ்வளவு பெரிய தொண்டை, பிள்ளைத் தொண்டை மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் எடுத்தார்.

"பாத்ததச் சொல்லாத பாவி யாரு?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. வலை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

"சிங்காரம்."

பெண்கள் பக்கமிருந்து வந்தது குரல். அந்தக் கரையில் பொம்பளை அம்பாவுக்குப் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. ராசம்மாள் எழுந்துகூட நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

சிங்காரம் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்கக் கை கிடையாது, கை கயிற்றில் இருந்தது. அதே வரியை இன்னொரு தடவை எடுத்தார். இந்தத் தடவை அவள் சொன்னபோது சுரேந்தரும் சேர்ந்து சொன்னான். அதற்கடுத்த தடவை எல்லோரும் சொன்னார்கள்.

"சிங்காரம்!"

வலை நகர்ந்தது. வரி யாரு என்று முடிந்தால் இனிமேல் அந்தக் கரையில் இந்தப் பெயர்தான். பரங்கிப்பேட்டை வரைக்கும் போகும், புதுச்சேரி வரைக்கும் போகும். என்றைக்காவது பூஜா கயிறு தாண்டிக்கொண்டு இதைச் சொல்லுவாள், சிங்காரம்னா என்ன தாத்தா என்று கேட்பாள். அன்றைக்கு அவர் சாமி என்று சொல்ல முடியாது. தலையைக் குனிந்துகொண்டு, தன் பெயரைத் தானே எடுத்துக் கொடுத்து, சிங்காரம் இழுத்தார்.

மீன் கரைக்கு வந்ததும் ராசம்மாள் அன்னக்கூடையை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "சீக்கிரம் கொட்டுங்க, எனக்கு ஏழு மணி பஸ்ஸு," என்றாள்.

"இதோ ஆச்சி, ராசம்மாக்கா," என்றான் சுரேந்தர். யாரும் சிரிக்கவில்லை.