கைக்குட்டைக்கு எத்தனை விநாடி

பின்லாந்தில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களைப் பார்த்தால், ஒருவரோடொருவர் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் என்றே நினைப்பீர்கள். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு கட்டில் போடலாம். ஏறிய பிறகும், பக்கத்தில் ஆள் இருக்கும் இருக்கை என்றால் நின்றுகொண்டே வருவார்கள். ஏழு வருடமாகப் பார்க்கிறேன். அடுத்த வருடம் ஊருக்கே திரும்பிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருப்பதும் ஏழு வருடமாகத்தான். இராஜபாளையம் வீட்டின் மாடி அறையை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.

இங்கே பள்ளிகளுக்கு மெய்நிகர் உலகங்கள் செய்யும் வேலை. பிள்ளைகள் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு வகுப்பறையிலிருந்தே ஊர் சுற்றலாம். இந்தியப் பாடத்துக்குத் தாஜ்மகாலை எதிர்பார்த்தார்கள் போல. நான் இராஜபாளையத்தில் கிளம்பும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைச் செய்து கொடுத்தேன். கூட்டத்தில் ஏறி, இடம் பிடித்து, மடவார் வளாகத்தில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

இடம் பிடிப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரி நாட்களில் நானும் தம்பியும் வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாக என் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையை எறிந்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி நிதானமாக ஏறுவோம். அதையும் விடாமல் சேர்த்தேன். முதல் சோதனையில் பின்லாந்துப் பிள்ளைகள் இருக்கைகளில் கிடந்த கைக்குட்டைகளையெல்லாம் பொறுக்கி, யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று டிரைவரிடம் பத்திரமாக ஒப்படைத்துவிட்டார்கள்.

“தொலைந்ததில்லை, ஆள் வரப்போகிறது என்று அடையாளம்” என்றேன், கூட வேலை பார்க்கும் மார்யாவிடம்.

“சரி, எத்தனை விநாடி செல்லும்?” என்றாள். நிரலில் எழுத ஓர் எண் வேண்டுமாம்.

எனக்குத் தெரியவில்லை. பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். தை மாதம் அவனுக்குக் கல்யாணம்.

“இதுக்காண்ணே போன் போட்ட? வண்டி கெளம்புற வரைக்குந்தான். அதுக்குள்ள ஆளு வரலைன்னா கர்ச்சீப்பத் தூக்கிப் போட்டுட்டு ஒக்காந்துருவாக.” கொஞ்சம் தயங்கினான். “அண்ணே, மாடி ரூம நாங்க எடுத்துக்கிடவா? பீரோவுல ஒஞ் சட்டையெல்லாம் அப்பிடியே கெடக்கு. நீ வாரதா இருந்தா வேண்டாம்.”

வலித்தது, மறைப்பானேன்.

“எடுத்துக்கிடுலே” என்றேன்.

மறுநாள் அவன் சொன்னபடியே விதியை எழுதினேன்: வண்டி கிளம்பினால் கைக்குட்டை செல்லாது. மூன்றாவது வரிசை ஜன்னலோரம் கிடக்கும் நீலக் கட்டம் போட்டதை மட்டும் யார் எடுக்கப் போனாலும் கைக்கு அகப்படாது. மடவார் வளாகம் தாண்டியும் அங்கேயே கிடக்கும். மார்யா அதைப் பிழைப் பட்டியலில் சேர்த்திருக்கிறாள். அடுத்த வாரம் சரிசெய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.