குருவி கத்தினால் துணியைத் துவைக்கவும்

மூடியைக் கழற்றியதும் ரமாபாய் முதலில் மோந்து பார்ப்பார். திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் மூக்கை விட்டு ஓர் இழுப்பு. "இது மொளகா." அடுத்த பெட்டிக்கு இன்னோர் இழுப்பு. "இது கரி. ஜன்னலத் தொறந்து போட்டுகினு வேலை பாக்குறீங்களா?" தண்டையார்பேட்டையில் காற்று தனியாக வருவதில்லை. துறைமுகத்துக் கரித்தூளையும் கடல் உப்பையும் கிடங்குகளில் மூட்டை பிரிக்கும்போது கிளம்பும் மிளகாய் வத்தல் தூளையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் வரும். மனிதர்கள் இருமிச் சமாளிக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு இருமத் தெரியாது. ஒருநாள் பொசுக்கென்று போய்விடும். போனால் ரமாபாயைக் கூப்பிடுவார்கள்.

வியாசர்பாடிக்காரர், நாற்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வருடம் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றியவர். பட்டறையை மூடியபோது முதலாளி கணக்குத் தீர்த்த லட்சணம், ஒரு பழுதான கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்து அனுப்பியதுதான். அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியதே அவருடைய கல்லூரி. "படிப்பு இன்னா பெரிய படிப்பு? பத்தாவது. மீதியெல்லாம் ஷாக் அடிச்சி ஷாக் அடிச்சி வந்துது" என்பார்.

அதனாலேயே எர்த் இல்லாத இடத்தில் உட்கார மாட்டார். பெட்டியைத் தொட்டால் ஜிவ்வென்கிறது, பழகிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "சாவு கூடத்தான் பழகும். மொதல்ல குழி தோண்டு. கரியும் உப்பும் போட்டு எர்த்து குடு. அப்பால கூப்பிடு." வேலையைத் தொடங்குமுன் ஜன்னல் கம்பியை ஒரு நொடி பிடித்துக்கொள்வார். உடம்பில் தேங்கிய மின்சாரம் சில்லுகளைச் சுட்டுவிடாமல் இருக்கத்தான். பார்ப்பவர்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து நிற்கிறார்கள். அவரும் திருத்துவதில்லை.

போகும்போது ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போவார். இந்தப் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் ராத்திரியோடு ராத்திரியாக உள்ளே இருக்கும் மெமரியை உருவிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பாலிஷ் விரிசல் விட்டிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பல்லாயிரம் ரூபாய்ப் பூட்டு செய்யாததை அந்தப் பன்னிரண்டு ரூபாய்ப் புட்டி செய்கிறது.

ஆனால் அவர் பெயர் கெட்டது வேறொரு கண்டுபிடிப்பால். கம்ப்யூட்டர் காற்றை இழுக்கும் வாயில் பாவாடைத் துணியை இரண்டாக மடித்து, மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டி ஒரு மூக்குமூடி செய்தார். கூடவே ஒரு விசிறியையும் வைத்து, வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளினார். தூசு வெளியிலேயே நின்றது. ஏன் பாவாடை என்று கேட்டால், "பட்டு வெச்சா மூச்சு முட்டும், சல்லா வெச்சா தூசு பூந்துரும். எட்டு துணி வெச்சிப் பாத்துட்டேன் நைனா" என்று விஞ்ஞானமாகத்தான் விளக்கினார். யார் கேட்டார்கள்? 'பாவாடை டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டு, மூன்று கிடங்குக்காரர்கள் சிரித்தே திருப்பி அனுப்பினார்கள்.

நாலாவது ஆள் இசக்கிப்பாண்டி அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்பவர். பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் வைத்திருந்தார். மாதம் ஒன்று செத்தது. கம்ப்யூட்டர் விற்றவனோ கண்ணாடி அறை கட்டி ஏ.சி. போடச் சொன்னான். அண்ணாச்சி யோசித்துவிட்டு ரமாபாயிடம் சொன்னார்: "பதினஞ்சு நாள் பெரிய கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாரு. நின்னுச்சின்னா மீதி பதினொண்ணும் ஒனக்குத்தான். இல்லன்னா ஏ.சி.காரன் வந்துருவான்." அண்ணாச்சியின் மூன்று கிடங்கின் சரக்கு விவரமும் அந்தப் பெரிய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. ரமாபாய்க்கோ அந்த வரிசைக் கிடங்குகள் அத்தனையும் அதற்குள் இருந்தன. இங்கே ஜெயித்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள். தோற்றால் ஆயுசுக்கும் பாவாடை டாக்டர்தான்.

ஒரு பாதுகாப்புக்காக உள்ளே இன்னொன்றும் பொருத்தினார். பழைய இஸ்திரிப் பெட்டியில் சூடேறினால் வளையும் தகடு இருக்கிறதல்லவா, அதைப் பிடுங்கி, பேட்டரியில் குருவிச் சத்தம் போடும் காலிங் பெல்லோடு இணைத்தார். துணி அடைத்துக்கொண்டு பெட்டி சூடானால் குருவி கத்தும். சைரன் வைத்திருக்கலாமே என்று கேட்டார் கிடங்கு மேனேஜர் செல்வநாதன். "சைரன் கேட்டா ஜனம் ஓடும். குருவின்னா இன்னா ஏதுன்னு கிட்ட வரும்" என்றார் ரமாபாய். 'குருவி கத்தினால் துணியைத் துவைக்கவும்' என்று ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியும் வைத்தார்.

பதினாலாம் நாள் ஆயுத பூஜை.

கிடங்கு ஆட்கள் தராசுக்கும் தள்ளுவண்டிக்கும் சந்தனம் வைத்தார்கள். பெரிய கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் அதிகப்படியாகவே வைத்தார்கள். வெள்ளைவெளேரென்று இருந்த மூக்குமூடி சந்தனம் பூசத் தோதான இடமாகப் பட்டது. ஒரு கிண்ணத்தையே வழித்து அப்பி நடுவில் குங்குமமும் வைத்தார்கள். பின்பக்கம் சாமந்தி மாலை, மேலே சிவப்புப் பட்டு. அட்டை பட்டுக்குள் போயிற்று. திரையில் சரஸ்வதி படம் தெரியவேண்டும் என்பதற்காகக் காலையிலிருந்து அணைக்கவே இல்லை.

பூஜை உச்சத்தில் குருவி கத்தியது.

அண்ணாச்சிக்குப் புல்லரித்துவிட்டது. "பாத்தியளா வே! பூஜைக்குக் குருவி வந்துருக்கு. தாயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, இன்னும் நாலு கட்டி கற்பூரம் கொண்டுவரச் சொன்னார். அது எந்தக் குருவி என்று செல்வநாதனுக்குத் தெரியும். ஆனால் முதலாளி கண்ணில் நீர் ததும்ப நிற்கும்போது, அது தெய்வமல்ல, காய்ச்சல் என்று சொல்ல எந்த மேனேஜருக்குத் துணிச்சல் வரும்? அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரமாபாய் வாசலில், பொரி வாங்க வந்தவர்களோடு நின்றிருந்தார். பூஜை முடிந்ததும் உள்ளே வரச் சொல்லியிருந்தார்கள். பூஜைக்கே கூப்பிடாதது அவருக்கு உறுத்தாமல் இல்லை. பழகிய உறுத்தல் என்று விட்டிருந்தார். சத்தம் காதில் விழுந்ததும் பொரியைப் போட்டுவிட்டு ஓடினார். செருப்பைக் கழற்றவில்லை. கும்பிட்டு நின்றவர்களை இடித்துக்கொண்டு போய், தீபாராதனைத் தட்டுக்கு அடியில் குனிந்து, மின்கம்பியைப் பிடுங்கினார். சரஸ்வதி அணைந்தாள்.

"அய்யய்யோ, அபசகுனம்!" என்று யாரோ அலறினார்கள். அண்ணாச்சியின் முகம் அவர் விற்கும் வத்தலின் நிறத்துக்கு வந்துவிட்டது. "கும்புட்டுக்கிட்டு இருக்கம்லா! செருப்புக் காலோட வந்து சாமிய அணைச்சிட்டியே! வெளிய போ. ஒஞ்சோலியும் வேண்டாம், ஒம்பாவாடையும் வேண்டாம்!"

"போறேன் அண்ணாச்சி. நான் இன்னா இங்க குடித்தனம் பண்ணவா வந்தேன்?" மாலையை அறுத்து, பட்டை உருவி, திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். சூடு முகத்தில் அடித்தது. "இத்த மட்டும் ஒருதபா தொட்டுப் பாருங்க. உங்க மூணு கிடங்கும் இதுக்குள்ள வெந்துகினு கீது."

அண்ணாச்சி தட்டை இடக்கைக்கு மாற்றிவிட்டு, ரமாபாய் காட்டிய அலுமினியக் கட்டியில் விரலை வைத்தார். வைத்த வேகத்தில் இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். அப்போதுதான், பட்டு போன இடத்தில் இருந்த அட்டையைப் படித்தார். எழுத்துக் கூட்டி, மெதுவாக. பிறகு செல்வநாதனைப் பார்த்தார். செல்வநாதன் உத்தரத்தைப் பார்த்தார்.

ரமாபாய் யாரையும் பார்க்கவில்லை. சுவரிலிருந்த மாதக் காலண்டரைப் பிடுங்கி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு விசிறுவது போலப் பெட்டிக்கு விசிறத் தொடங்கினார். கண்ணில் வந்த தண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டார். "செத்துராத கண்ணு. இன்னும் ஒருநாளுதான் பாக்கி. செத்துராத." குருவியின் சத்தம் இழுத்து இழுத்து வந்து அடங்கியது. கற்பூரமும் எரிந்து முடிந்திருந்தது. பொரிக்குக் கையேந்தியவர்கள் ஏந்தியபடியே நின்றார்கள்.

இசக்கிப்பாண்டி தட்டை மேசையில் வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது; நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது. கல்லாவின் அருகே, வேறு யார் பக்கமும் திரும்பவிடாமல் தனக்கென்றே வைத்திருந்த மேசை விசிறியின் கழுத்தைப் பிடித்து, அதைக் கம்ப்யூட்டரின் பக்கம் திருப்பினார்.